ஜீப் கூரை விளக்குக்குள் தண்ணீர் எப்படிப் புகுகிறது?

போடிநாயக்கனூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுபவர். மேலே கேரியரில் இரண்டு எல்.இ.டி. ஸ்பாட் லைட் மாட்டியிருக்கிறார். வாங்கிய பெட்டியில் ‘ஐ.பி. 67’ என்று போட்டிருக்கிறது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பாதிக்கும்படி நீர் உள்ளே போகாது என்று அதற்குப் பொருள். இவருடைய விளக்குகள் எந்த ஆற்றிலும் முழுகியதில்லை. மழையில் நனைகின்றன, அவ்வப்போது வாட்டர் சர்வீஸ் நடக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் கண்ணாடிக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது. சுற்றிலும் சிலிக்கான் பூசி அடைத்த பிறகு இன்னும் மோசமாகிவிட்டதாம். ‘அஷ்டமியில் மாட்டிய லைட்டு அப்படித்தான் என்கிறார் மெக்கானிக். நிஜமான காரணம் என்ன?’ என்று கேட்கிறார்.

அருமையான கேள்வி. கூரையில் விளக்கு மாட்டுகிற எல்லாருக்கும் இதில் வேலை இருக்கிறது. மாட்டும் முறையைப் பற்றியும் இரண்டு வரி கேட்டிருப்பதால் அதை முதலில் வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

விளக்கைக் கூரையின் முன் விளிம்பிலேயே வைத்தால் வெளிச்சம் பானெட்டில் விழுந்து கண்ணைக் கூசும். கண்மணி சுருங்கிவிடும், அப்புறம் தூரத்தில் இருப்பது தெரியாது. ராத்திரியில் விளக்கைப் போட்டுவிட்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். கூரை விளிம்பின் நிழல் பானெட்டை முழுக்க மூடும்வரை விளக்கைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கூரையில் ஓட்டை போட வேண்டாம், துரு அங்கேதான் தொடங்கும். பழைய ஜீப்புகளில் மழைநீர் வடியும் விளிம்பு இருக்கிறது, கிளாம்ப் போட அதுவே போதும். காற்று பிய்த்துக்கொண்டு போய்விடும் என்று பயப்படத் தேவையில்லை. அரை மீட்டர் நீள விளக்குப் பட்டையின் மேல் 80 கி.மீ. வேகத்தில் விழுவது ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடையின் விசைதான். நட்டைக் கழற்றுவது குண்டும் குழியுமான பாதையின் அதிர்வு. அதனால் உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டு போடுங்கள். மரக்கிளைக்கு, பானெட்டின் முன் மூலையிலிருந்து கூரை மூலைவரை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பிக் கயிறு நல்ல காவல். கிளை அதன்மேல் வழுக்கி ஏறி விளக்கைத் தாண்டிப் போய்விடும். கல்லுக்குப் பாலிகார்பனேட் மூடி போடலாம், ஆனால் அதைப் பெட்ரோலோ தின்னரோ தொட்டுத் துடைத்தால் மயிரிழை விரிசல் விடும்.

வயரிங் சங்கதியும் சின்னதுதான். 100 வாட் ஹாலஜன் இரண்டு என்றால் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். டேஷ்போர்டு சுவிட்ச் இதைத் தாங்காது, சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலே வேண்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். மெலிந்த வயர் போட்டால் வழியிலேயே வோல்ட்டேஜ் போய்விடும். ஹாலஜனில் ஒரு வோல்ட் குறைந்தாலே வெளிச்சத்தில் கால் பங்கு காணாமல் போகும்.

போடிமெட்டு மூடுபனியில் கூரை விளக்கைப் போடாதீர்கள். விளக்கு உங்கள் கண்ணுக்கு அருகில் இருப்பதால் பனித்துளிகள் சிதறடிக்கும் ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்பி வரும், எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். பொதுச் சாலையிலும் அப்படியே. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, எதிரே வருபவர் கண் கூசாதபடி ஒளி கீழ்நோக்கி விழ வேண்டும் என்கின்றன. கூரை உயரத்திலிருந்து தூரத்துக்கு அடிக்கும் விளக்கு அதற்கு ஒத்துவராது. தோட்டப் பாதையில் மட்டும் போடுங்கள், ரோட்டுக்கு வந்ததும் உறை மாட்டிவிடுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

எல்.இ.டி. சூடாகாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. இத்தகைய விளக்குகளில் செலவாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் மாறுகிறது. ஹாலஜன் அந்த வெப்பத்தைக் கதிராக முன்னால் வீசிக் கண்ணாடியைக் காய வைக்கும். எல்.இ.டி.யில் வெப்பம் பின்பக்கமாக அலுமினியத் தகடுகளுக்குப் போகிறது. விளக்கின் உடல் சுடுகிறது, உள்ளே அடைபட்ட காற்றும் சூடாகிறது. கொஞ்ச நேரம் எரிந்த விளக்கின் உள்காற்று 70 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரம் பார்த்து மலைமழை கொட்டுகிறது. மழைநீர் 20 டிகிரி.

சூடான சோற்றைப் போட்டு இறுக மூடிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மதியம் திறக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளுமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. பள்ளியில் படித்த வாயு விதிப்படி, கனஅளவு மாறாவிட்டால் அழுத்தம் கெல்வின் வெப்பநிலைக்கு ஏற்பக் குறையும். 70 டிகிரி என்பது 343 கெல்வின், 20 டிகிரி என்பது 293 கெல்வின். ஆக, உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 15 சதவீதம் விழுகிறது. நீர் உயரத்தில் சொன்னால் ஒன்றரை மீட்டர்! கூரையின் மேல் காற்றில் நிற்கும் விளக்கு, ஒன்றரை மீட்டர் ஆழத்தில் முழுகியதைப் போன்ற அழுத்தத்தைச் சந்திக்கிறது. ஐ.பி. 67 உறுதி தருவது ஒரு மீட்டருக்குத்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கான சர்வதேசத் தரநிலையில், தண்ணீருக்கும் பொருளுக்கும் இடையே வெப்பநிலை வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது என்றே இருக்கிறது. சுடச்சுட இருக்கும் விளக்கைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு யாரும் அந்த முத்திரையைத் தரவில்லை. வாகனப் பாகங்களைச் சூடாக்கி ஐஸ் தண்ணீர் தெளிக்கும் சோதனை தனியாக உண்டு. கடையில் கிடைக்கும் பெரும்பாலான விளக்குப் பெட்டிகளில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பெட்டியில் போட்டிருப்பது பொய்யில்லை, ஆனால் உங்கள் ஜீப்பில் நடப்பது வேறு சோதனை.

கண்ணாடிக்கும் அலுமினிய உடலுக்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட் இருக்கிறது. அதன் ஓரத்தில் மழைநீர் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இழுவிசை வந்ததும், வெயிலில் காய்ந்து இறுகிய ரப்பரில் எங்கே தளர்வோ அங்கே அது உள்ளே போகிறது. மறுபடி விளக்கைப் போட்டால் உள்காற்று விரிந்து அதே சந்து வழியாக வெளியே தள்ளப்படுகிறது. போவது காற்று, அடியில் கிடக்கும் தண்ணீர் அங்கேயேதான் கிடக்கிறது. அடுத்த மழையில் மறுபடி இழுப்பு. விளக்கு ஒரு வழி பம்பாகிவிடுகிறது. சிலிக்கான் பூசியதும் மோசமானது ஏன் என்பது இப்போது புரியும். மற்ற வழிகளையெல்லாம் அடைத்துவிட்டால், மிச்சமிருக்கும் ஒரே சந்தின் மேல் முழு இழுப்பும் விழுகிறது. அந்தச் சந்து பல நேரம் வயருக்குள்ளேயே இருக்கும். ரப்பர் உறைக்குள் செம்பு இழைகளுக்கு இடையே உள்ள இடைவெளி வழியாக, அரை மீட்டர் தள்ளியிருக்கும் கனெக்டரிலிருந்து விளக்கு தண்ணீர் குடிப்பதுண்டு.

போடி வாசகருக்கு இன்னொரு கூடுதல் சிக்கல், மலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் சுமார் 10 சதவீதம் குறைகிறது. மேலே தோட்டத்தில் விளக்கிலிருந்து காற்று மெல்லக் கசிந்து வெளியேறும். கீழே இறங்கும்போது வெளி அழுத்தம் கூடும், விளக்கு திரும்ப இழுக்கும். மழை பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை, ஈரக்காற்றே போதும்.

முழுக்க அடைப்பது முடியாது என்றால் வழி என்ன? மூச்சு விட அனுமதிப்பதுதான். நல்ல விளக்கின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில் ஒரு பிளாஸ்டிக் குமிழோ வட்டமான சின்ன ஒட்டுப்படலமோ இருக்கும். என்னைக் கேட்டால் விளக்கிலேயே அழகான பாகம் அதுதான். காற்றையும் நீராவியையும் விடும், தண்ணீரை விடாது.

அந்தப் படலத்தின் மூலப்பொருள் டெஃப்லான் என்று நாம் அறிந்த பி.டி.எஃப்.இ. 1938-இல் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் எதேச்சையாகக் கண்டுபிடித்தது. 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கப் பொறியாளர், சூடாக்கிய பி.டி.எஃப்.இ. கோல்களை இழுத்து நீட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக இழுத்தால் அறுந்துபோயிற்று. சலித்துப்போய் ஒரு கோலை வெடுக்கென்று இழுத்தார். அது அறுபடாமல் பல மடங்கு நீண்டது! உள்ளே நுண்ணிய இழைகளும் இடைவெளிகளுமாகப் பிரிந்து, பெரும்பகுதி காற்றாலான வெண்ணிறப் பொருளாகிவிட்டது. மழைச் சட்டைத் துணியாகப் புகழ்பெற்றது இதுவே.

ஓட்டைகள் நிறைந்த படலம் தண்ணீரை எப்படித் தடுக்கிறது? துளிகள் ஓட்டையைவிடப் பெரியவை என்பது பாதிப் பதில்தான். தண்ணீர் நினைத்தால் எந்த ஓட்டைக்கும் ஏற்ப வளைந்து நுழையும். இங்கே அது நுழைய மறுக்கிறது. பி.டி.எஃப்.இ.யில் தண்ணீர் ஒட்டாது, பரப்பைத் தொடும் கோணம் ஏறக்குறைய 110 டிகிரி. எனவே ஓட்டையின் வாயில் நீர்ப்பரப்பு வெளிப்பக்கம் சரியாமல் உள்நோக்கிப் புடைத்து நிற்கிறது, பரப்பு இழுவிசை அதைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தடையைத் தாண்ட வேண்டிய அழுத்தம் ஓட்டையின் விட்டம் சிறுக்கச் சிறுக்கக் கூடும். ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, விட்டத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் வருகிறது, அதாவது பத்து மீட்டர் ஆழம். காற்று மூலக்கூறுக்கோ அந்த ஒரு மைக்ரான் என்பது அகலமான வாசல். அழுத்த வித்தியாசம் ஏற ஆரம்பிக்கும்போதே காற்று புகுந்து அதைத் தீர்த்துவிடுகிறது. கேஸ்கெட்டின் மேல் இழுப்பே விழுவதில்லை.

இந்தக் கணக்கின் வேர் 1805-இல் தாமஸ் யங், லாப்லாஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் நீர்த்துளி, நுண்குழாய் பற்றி யோசித்ததில் இருக்கிறது. அவர்களிடம் ‘இதனால் உடனடிப் பயன் என்ன?’ என்று யாரும் படிவம் நிரப்பச் சொல்லவில்லை. இன்று நம் நாட்டில் பரப்பு இயற்பியலில் ஆராய்ச்சி செய்ய நினைக்கும் இளைஞரிடம் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறோம். இது தவறு என்பது என் உறுதியான கருத்து. அஷ்டமி விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். காரணம் தெரியாத இடத்தில்தான் நாள்கிழமை வந்து உட்கார்கிறது. தமிழ்நாட்டில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. விளக்கைச் சூடாக்கிக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிப் பார்த்து, எது தாங்குகிறது என்று வெளியிடுவது நல்ல இறுதியாண்டு புராஜெக்ட்.

இந்தப் படலத்துக்குச் சோப்பு ஆகாது. தண்ணீரின் பரப்பு இழுவிசையைச் சோப்பு பாதி அளவுக்கும் கீழே இறக்கிவிடும், நீரைத் தள்ளி நிறுத்திய விசை போய்விடும், படலம் நனைந்து அடைத்துக்கொள்ளும். டீசலும் எண்ணெயும் இதையே செய்யும். வாட்டர் சர்வீஸில் ஷாம்பு நுரை அடித்து, பிறகு உயர் அழுத்தக் குழாயைக் குமிழுக்கு நேராகப் பிடித்தால், அதுவும் விளக்கு சூடாக இருக்கும்போது பிடித்தால், பழுதுக்கு வேண்டிய எல்லாம் ஒரே நேரத்தில் கிடைத்துவிடுகிறது.

ஆகவே போடி நண்பர் செய்ய வேண்டியது: விளக்கைக் கழற்றி, பின்பக்கக் குமிழைச் சிலிக்கான் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் பழுதின் பெரும்பகுதி அதுதான். குமிழைப் புதிதாக மாற்றி, கேஸ்கெட்டையும் மாற்றி, உள்ளே நன்றாகக் காயவிட்டு மூடுங்கள். வயர் விளக்குக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள், வழிந்து வரும் நீர் அங்கேயே சொட்டிவிடும். கனெக்டருக்குள் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் வையுங்கள். பிறகு அரை மணி நேரம் எரியவிட்டு, மேலே ஒரு வாளி குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையில் பாருங்கள். கண்ணாடியில் மெல்லிய ஆவி மட்டும் படிந்திருந்தால் கவலை இல்லை, மூச்சு விடும் விளக்கில் அது வரும், விளக்கு எரிய எரிய மறையும். அடியில் சொட்டு தேங்கியிருந்தால் இன்னும் எங்கோ சந்து இருக்கிறது. அடுத்து வயர் நுழையும் ரப்பரைப் பாருங்கள்.