"அணிய வேண்டும்" என்றால் சட்டமா, அறிவுரையா? சைக்கிள், தலைக்கவசம், ஒரு விளம்பரத் தீர்ப்பு

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு பலகை சொன்னால், அது சட்டம். அணியாதவரைப் பொலிசார் மறித்துத் தண்டம் எழுதலாம். துவிச்சக்கர வண்டியில் ரியூசனுக்குப் போகும் பிள்ளை தலைக்கவசம் அணிய வேண்டும் என்று அதே சொற்களில் இன்னொரு பலகை சொன்னால், அது அறிவுரை மட்டுமே. சைக்கிள் ஓட்டுபவரைத் தலைக்கவசம் அணியக் கட்டாயப்படுத்தும் சட்டம் இலங்கையில் இல்லை. நம்முடைய "வேண்டும்" இரண்டுக்கும் பொதுவான சொல்லாக இருப்பதால், பிரித்தானியாவில் படிக்கப் போய்ச் சைக்கிளில் உணவு விநியோகம் செய்யும் பிள்ளைகளும் இங்கிருந்து அவர்களை எண்ணிக் கவலைப்படும் பெற்றோரும் அந்நாட்டு விதியைப் பிழையாக விளங்கிக்கொள்ள இடமுண்டு.

அங்கே வீதியைப் பயன்படுத்துவோர் எல்லோருக்கும் ஹைவே கோட் என்ற விதிக்கோவை உண்டு. அதில் சட்டக் கட்டாயமானவை பெரிய எழுத்தில் தனியாகத் தெரியும்படி அச்சிடப்பட்டிருக்கும், மற்றவை அறிவுரைகள். (பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு இல்லாத நம் மொழியில் பெயர்த்தால் இந்த அடையாளம் மறைந்துவிடும்.) இரவில் சைக்கிளின் முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும் என்னும் 60ஆம் விதி கட்டாயம். அதற்கு முந்திய 59ஆம் விதி, அளவான தலைக்கவசத்தை இறுக்கமாகப் பூட்டி அணியச் சொல்வது, அறிவுரை. அறிவுரையை மீறுவது தனியே குற்றமாகாது. ஆனால் விபத்து வழக்கு ஒன்றில் பொறுப்பைத் தீர்மானிக்கும்போது அந்த மீறலை நீதிமன்றம் கவனத்தில் எடுக்க 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே "கட்டாயமில்லை" என்பதை "ஒரு விளைவுமில்லை" என்று வாசிக்கக் கூடாது.

இந்த வேறுபாட்டைப் பிரித்தானியாவில் விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பே ஒரு முறை தவறவிட்டது. 1962இல் தொடங்கப்பட்ட விளம்பரத் தரநிலை அதிகார சபை அரசுத் திணைக்களமன்று. விளம்பரச் செலவில் அறவிடப்படும் 0.1 சதவீதக் கட்டணத்தில் பெரும்பாலும் இயங்குவது. யாரும் இலவசமாக முறையிடலாம். சபையால் தண்டப்பணம் விதிக்க முடியாது. ஆனால் ஒரு விளம்பரத்தை அதே வடிவில் மீண்டும் காட்டக் கூடாது என்று சொல்ல முடியும்.

சைக்கிளிங் ஸ்கொட்லாந்து என்ற அமைப்பின் தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று, குதிரையைக் கடக்கும்போது காட்டும் நிதானத்தைச் சைக்கிள்காரரிடமும் காட்டுங்கள் என்று வாகன ஓட்டிகளைக் கேட்டது. அதில் ஒரு பெண் தலைக்கவசமின்றி, ஓரத்தை ஒட்டாமல் பாதைக்குள் தள்ளி ஓட்டிச் செல்கிறார்; ஒரு கார் அவரை நன்கு விலகிக் கடக்கிறது. பார்வையாளர் ஐவர் முறையிட்டனர். 2014 ஜனவரி 29ஆம் திகதி வெளியான தீர்ப்பு, தலைக்கவசம் இல்லாமையையும், வாகனங்கள் நிறுத்தும் ஓரப் பகுதியிலிருந்து 0.5 மீற்றருக்கு மேல் விலகி ஓட்டியதையும் பொறுப்பின்மை என்று கண்டு விளம்பரத்தைத் தடுத்தது. இனிமேல் சைக்கிள்காரரைத் தலைக்கவசத்துடன் காட்டும்படியும் கூறியது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. தலைக்கவசத்தைவிட அந்த 0.5 மீற்றர்தான் சைக்கிள் பயிற்றுநர்களைக் கூடுதலாக உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம். காங்கேசன்துறை வீதியில் கடைகளுக்கு முன்னால் நிறுத்திய வாகனங்களை உரசியபடி ஓட்டிப் பழகியவருக்கு இதை விளக்கத் தேவையில்லை: எந்தக் கதவு எந்த நேரத்தில் திறக்கும் என்று தெரியாது. தேவையான இடத்தில் தன் பக்கப் பாதையின் நடுவை எடுத்துக்கொள்வதைப் பிரித்தானியப் பயிற்சியே கற்பிக்கிறது. ஒன்றிரண்டு நாளுக்குள் சபை, தீர்ப்பில் குறை இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டு அதை மீளப்பெற்றுச் சுயாதீன மீளாய்வுக்கு விட்டது. ஜூன் மாதத்தில் முறைப்பாடு நிராகரிக்கப்பட்டது. தற்செயலாக, சரியாக எட்டு ஆண்டுகளின் பின் 2022 ஜனவரி 29ஆம் திகதி நடைமுறைக்கு வந்த ஹைவே கோட் திருத்தம், அமைதியான வீதிகளில் தன் பக்கப் பாதையின் நடுவே ஓட்டவும், மற்ற இடங்களில் ஓரத்திலிருந்து குறைந்தது 0.5 மீற்றர் தள்ளி ஓட்டவும் அறிவுறுத்துகிறது. மணிக்கு 30 மைல் வரையான வேகத்தில் சைக்கிளைக் கடக்கும் வாகனம் குறைந்தது 1.5 மீற்றர் இடம் விட வேண்டும். அதுவும் அறிவுரை வகையே.

தலைக்கவசம் பயனற்றது என்பதல்ல விவாதம். விழுந்து தலை அடிபடும்போது அது காயத்தைக் குறைக்கும் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர். அவுஸ்திரேலியாவின் விக்ரோறியா மாநிலம் 1990 யூலையில் உலகில் முதன்முறையாக அதைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்து 1994இல் தொடர்ந்தது. கட்டாயப்படுத்தினால் பலர் சைக்கிளையே விட்டுவிடுவர், உண்மையான ஆபத்தான வாகன வேகம் அப்படியே இருக்கும் என்பது மறுதரப்பின் வாதம். தலைக்கவசத்தை அநேகர் தொடாத நெதர்லாந்தை அவர்கள் காட்டுவர். 1990களின் பெற்றோல் தடைக் காலத்தில் விறகையும் நோயாளியையும் கரியரில் ஏற்றிய ஊர், 2022இல் எரிபொருள் வரிசையை விட்டுச் சைக்கிளுக்குத் திரும்பிய ஊர் நம்முடையது. இங்கே கட்டாயச் சட்டம் பாரமாக விழுவது வேறு வாகனம் வாங்க முடியாதவர்மீதுதான் என்பதால், அறிவுரையாக இருப்பதே தகும் என்று நினைக்கிறேன். பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்க வசதியுள்ளவர் வாங்கட்டும்.

விளம்பரத்தைப் பொறுத்தவரை, மேற்சொன்ன சபையின் வேலையை அப்படியே செய்யும் அமைப்பு இங்கில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, வியாபாரி பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கிறது. தலைக்கவசமின்றிச் சைக்கிள் ஓட்டும் காட்சி அதற்குள் வராது; இல்லாத எஸ்.எல்.எஸ். தரச் சின்னத்தைச் சொல்லி ஒரு தலைக்கவசத்தை விற்றால் அது வரும். அப்படி ஏமாந்தவர் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் தெரிவிக்கலாம்.