பச்சைப் புள்ளி எரிகிறது, செய்தி வரவில்லை

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் உள்ள கணக்காய்வு நிறுவனமொன்றில் பணியாற்றும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: மின்சாரம் ஒருமுறை போய் வந்த பிறகு அலுவலகத்தின் அரட்டைச் செயலியில் அரை மணிநேரமாக யாருடைய செய்தியும் அவருக்கு வருவதில்லை. ஆனால் அவருடைய பெயருக்கருகில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அவராக ஒரு வரியை எழுதி அனுப்பிய மறுகணமே, அதுவரை தேங்கிக் கிடந்த செய்திகள் அனைத்தும் ஒரேயடியாக வந்து கொட்டுகின்றன. இணைய வேகம் போதாது என்று அலுவலகத்தில் காரணம் சொல்கிறார்களாம்.

வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓர் எழுத்துச் செய்தி சில நூறு பைட்டுகளுக்குள் அடங்கிவிடும்; எவ்வளவு மெதுவான இணைப்பும் அதைச் சுமக்கும். கோளாறு இருப்பது 'இணைப்பு' என்று நாம் நம்பிக்கொண்டிருக்கும் பொருளில்தான்.

அரட்டைச் செயலி காலையில் சேவையகத்தோடு ஒரு டிசிபி (கணினிகள் தரவைப் பரிமாறும் விதிமுறை) இணைப்பை ஏற்படுத்தி, அதை நாள் முழுவதும் திறந்தே வைத்திருக்கும். அந்த இணைப்பு கம்பியுமல்ல, குழாயுமல்ல. இரு முனைகளிலும் உள்ள கணினிகள் தத்தம் நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும் சில எண்களே அது. 1981இல் வெளியான டிசிபி விதிமுறை ஆவணத்தின்படி, இரு தரப்புக்கும் சொல்ல எதுவுமில்லையெனில் ஒரு பிட்கூட நகர வேண்டியதில்லை. ஆகவே மௌனம் தவறாகாது. ஒரு முனை மாண்டுபோனாலும் மறுமுனைக்கு அது மௌனமாகவே தெரியும். இவ்வாறு ஒரு பக்கம் மட்டும் உயிரோடிருக்கும் இணைப்புக்கு 'அரைத் திறப்பு' என்று அந்த ஆவணமே பெயரும் வைத்திருக்கிறது.

இனி நடுவில் நிற்கும் ரவுட்டருக்கு வருவோம். பழைய ஐபி முகவரி 32 பிட் நீளமுடையது. ஏறத்தாழ 429 கோடி முகவரிகளுக்கு மேல் அதில் இடமில்லை. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பெப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. எனவே அலுவலகத்துக் கணினிகள் அனைத்தும் ஒரே பொது முகவரியின் பின்னால் ஒதுங்கி நிற்கின்றன. எந்த உரையாடல் எந்தக் கணினிக்குரியது என்பதை, ஒற்றைத் தொலைபேசி எண்ணுக்குப் பின்னால் பல நீட்சி எண்களைக் கையாளும் வரவேற்பாளரைப் போல, ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்து வைத்துக்கொள்கிறது. நீண்ட நேரம் அசைவற்றிருக்கும் குறிப்பை அது அழித்துவிடும். நிலைபெற்ற இணைப்பின் குறிப்பைக் குறைந்தது 2 மணி 4 நிமிடங்கள் காக்க வேண்டும் என்று 2008இல் ஒரு பரிந்துரை வெளிவந்தது. ஆயினும் நடைமுறையில் பல கருவிகள் சில நிமிடங்களிலேயே அழித்துவிடுகின்றன. அமேசான் மேகச் சேவையில் இதே வேலையைச் செய்யும் முகவரி மாற்றி 350 விநாடிகளே பொறுக்கும்.

மின்தடையின்போது என்ன நடக்கிறது என்பதை நுணுகிப் பார்ப்போம். மாடியில் உள்ள வைஃபை பெட்டி யூபிஎஸ்ஸில் இருக்கிறது, கீழே மின்பலகை அறையில் உள்ள ரவுட்டர் அதில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்பிறப்பாக்கி இயங்கத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் ரவுட்டர் அணைந்து, அட்டவணை முழுவதையும் மறந்து, மீண்டும் எழும். வாசகியின் மடிக்கணினியோ பேட்டரியில் ஓடுகிறது. வைஃபை கோடுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆகவே செயலிக்குச் சந்தேகம் எழக் காரணமேயில்லை. சேவையகம் அவருக்குரிய செய்தியை அனுப்புகிறது. ரவுட்டரோ உரியவர் யாரென்று தெரியாமல் அதை ஓசையின்றிக் கைவிடுகிறது. பதில் வராததால் சேவையகம் மீண்டும் அனுப்புகிறது, ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கியபடி. லினக்ஸ் கணினியொன்று அதன் இயல்பான அமைப்பில் கைவிடுவதற்கு ஏறத்தாழ 15 நிமிடங்கள் ஆகும். அது கைவிட்டாலும் அந்தச் சேதி வாசகியின் செயலிக்கு எட்டாது; அங்கே பச்சைப் புள்ளி, இறுதியாகத் தெரிந்த நிலையையே காட்டிக்கொண்டிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்குப் பின்னர்தான் வருகிறது. வாசகி ஒரு வரி எழுதுகிறார். பொதி, அதாவது அந்த வரியைச் சுமக்கும் தரவுத் துணுக்கு, உள்ளிருந்து வெளியே போவதால் ரவுட்டர் புதிய குறிப்பு எழுதி, பெரும்பாலும் புதிய போர்ட் எண்ணும் (ஒரே முகவரியில் உரையாடல்களைப் பிரித்தறியும் எண்) கொடுத்து அனுப்பிவிடுகிறது. இப்படியோர் உரையாடலைத் தான் தொடங்கவேயில்லையே என்று சேவையகம் ஒற்றைப் பிட்டில் மறுப்பைக் குறிக்கும் ஒரு பொதியைத் திருப்பி அனுப்புகிறது. அந்த நிராகரிப்புத்தான் செயலிக்குக் கிடைக்கும் முதல் உண்மைத் தகவல். உடனே அது புதிய இணைப்பைத் திறந்து, தன்னிடம் உள்ள கடைசிச் செய்தியின் எண்ணைச் சொல்ல, சேவையகம் அதற்குப் பிந்திய யாவற்றையும் கொட்டித் தீர்க்கிறது. பொதியைச் சத்தமின்றி விழுங்கும் ரவுட்டராக இருந்தால் இந்த மறுப்பும் வராது. அனுப்பிய வரி கடிகாரக் குறியோடு தொங்கி நிற்கும்.

இதற்கான மருந்து, செயலியும் சேவையகமும் அவ்வப்போது பரிமாறிக்கொள்ளும் இதயத்துடிப்பு எனப்படும் சிறுபொதி. செயலிகள் இணைப்பைத் திறந்தே வைத்துப் பேச 2011இல் தரப்படுத்தப்பட்ட வெப்சொக்கெட் முறையில் பிங், பொங் என்ற இரு குறுஞ்செய்தி வடிவங்கள் இதற்கென்றே உள்ளன. அரை நிமிடத்துக்கொரு முறை துடித்தால் ரவுட்டரின் குறிப்பும் அழியாது, மரணமும் விரைவில் தெரிந்துவிடும். ஆனால் கைப்பேசியில் ஒவ்வொரு துடிப்புக்கும் ரேடியோ பல விநாடிகள் விழித்திருக்க வேண்டியிருப்பதால் பேட்டரி கரையும். அதனால்தான் ஆண்ட்ராய்டும் ஐஃபோனும் எல்லாச் செயலிகளுக்கும் பொதுவான ஒரே அறிவிப்பு இணைப்பை வைத்துக்கொள்கின்றன.

நம் அலுவலகங்களில் எந்தக் கோளாறுக்கும் ரவுட்டரை அணைத்துப் போடுவது ஒரு சடங்காகிவிட்டது. இந்தக் கோளாறில் அது மூடநம்பிக்கையைவிட மோசமானது: ஒருவருக்குத் தீர்வு தேடி, அந்தத் தளத்தில் உள்ள அனைவரின் குறிப்புகளையும் அழித்துவிடுகிறோம். வாசகி தம் செயலியை முற்றாக மூடித் திறந்தால் போதும். நிறுவனம் கூடுதல் வேகத்துக்கு மாதாமாதம் கட்டும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு ரவுட்டருக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கலாம்.

கைப்பேசியில் மட்டும் செய்தி தாமதமாகிறதென்றால் வைஃபையை நிறுத்திவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். அங்கே உடனுக்குடன் வந்தால், அலுவலகத் தீச்சுவர் (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் பாதுகாப்பு அமைப்பு) ஆண்ட்ராய்டுக்குரிய 5228 முதல் 5230 வரையான போர்ட்களையோ, ஐஃபோனுக்குரிய 5223ஐயோ அடைத்து வைத்திருக்கிறதா என்பதைத் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்க வேண்டும்.