மூன்று வாரப் பயணத்தில் நமுக்காத பிஸ்கட்

அமெரிக்காவில் ஒரு வீட்டில் சுட்ட குக்கி, மத்திய கிழக்கில் பணியிலிருக்கும் ராணுவ வீரரின் கைக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நடுவே விமானச் சரக்கறை, வெயிலில் காயும் கன்டெய்னர், பல முறை ஏற்றி இறக்குதல். இதையெல்லாம் அது தாங்குமா என்பது பெரும்பாலும் மாவு பிசையும்போதே முடிவாகிவிடுகிறது.

தேனில் ஏறத்தாழ 17 சதவீதம் தண்ணீர் இருந்தும் அது கெடுவதில்லை. அந்தத் தண்ணீரைச் சர்க்கரை பிடித்து வைத்திருப்பதே காரணம். ஓர் உணவில் நுண்ணுயிர்களுக்குக் கிடைக்கும்படி எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை 0 முதல் 1 வரை அளப்பார்கள். இதற்கு நீர்ச் செயல்பாடு என்று பெயர். தூய நீருக்கு 1, ரொட்டிக்கு 0.95 அளவில், தேனுக்கு 0.6 அளவில், நன்றாகக் காய்ந்த பிஸ்கட்டுக்கு 0.3 அல்லது அதற்கும் கீழே. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91-க்குக் கீழே பெருகாது. பூஞ்சணங்களில் வறட்சி தாங்கும் சில வகைகள் மட்டும் 0.61 வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே மொறுமொறுப்பான பிஸ்கட்டில் பூஞ்சணம் பூக்குமோ என்ற பயம் வேண்டாம். நமுத்துப்போவது, காறல் அடிப்பது, உடைவது, இந்த மூன்றையும்தான் சமாளிக்க வேண்டும்.

இந்தத் தேவைக்குக் கச்சிதமாகப் பொருந்துவது அன்சாக் பிஸ்கட். முதல் உலகப் போரில், 1915-இல் கலிப்பொலியில் இறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் பெயரைத் தாங்கியது. அன்று கடல் வழியே வாரக்கணக்கில் போன பொட்டலங்களில் இதுவும் போனதாகச் சொல்வார்கள். ஆஸ்திரேலியாவில் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு; விற்பவர்கள் அதைக் குக்கி என்று அழைக்கக் கூடாது. இதில் முட்டை கிடையாது. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர் என்பதால், அதை விட்டாலே மாவில் ஈரம் குறைந்துவிடும்.

ஓட்ஸ் 100 கிராம், மைதா 150, பழுப்புச் சர்க்கரை 150, உலர்ந்த தேங்காய்த் துருவல் 65 (இது பிற்காலத்தில் சேர்ந்தது). ஈரத் துருவல் போட்டால் மொத்தக் கணக்கும் கெடும். வெண்ணெய் 125 கிராமையும் கோல்டன் சிரப் (பொன்னிறச் சர்க்கரைப் பாகு) 2 மேசைக்கரண்டியையும் சிறு தீயில் உருக்குங்கள். அரை தேக்கரண்டி சமையல் சோடாவை 2 மேசைக்கரண்டி கொதிநீரில் கரைத்து அதில் ஊற்றினால் நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும் முன் உலர் பொருள்களோடு கலந்து, சிறு உருண்டைகளாகப் பிடித்து, தட்டில் இடைவெளி விட்டு வைத்து லேசாக அழுத்துங்கள். சிரப்பின் லேசான அமிலத்தன்மை சோடாவோடு சேர்ந்து வாயுவைக் கிளப்புகிறது. மிஞ்சும் சோடா மாவுக்கு அமிலத்துக்கு எதிரான காரத்தன்மையைத் தருவதால் புரதமும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து பொன்னிறமும் மணமும் தருகின்றன. சோடா கூடினால் சோப்புச் சுவை தட்டும். சிரப்பில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்திருப்பதால் சர்க்கரை மணல்போல் படிகமாகாது; ஆனால் அவையே காற்றின் ஈரத்தையும் இழுக்கும். அதனால் தாராளமாக ஊற்றாதீர்கள்.

ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 12 நிமிடம் வைத்தால் நடுவே மெத்தென்றிருக்கும், உடனே சாப்பிட அருமை. தபாலுக்கு 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம் வேண்டும். சூடாக இருக்கையில் வளையும். ஆறியதும் 'டக்'கென்று ஒடிய வேண்டும். அப்போது உள்ளிருக்கும் சர்க்கரை கண்ணாடிபோல் இறுகியிருக்கிறது என்று பொருள். கடலை மிட்டாயைத் திறந்து வைத்தால் பிசுபிசுப்பதுபோல, சிறிது ஈரம் ஏறினாலே அந்தக் கண்ணாடி இளகும். அதற்குத்தான் நமுத்துப்போவது என்று பெயர்.

பத்திரமாகக் கட்டிய பெட்டியிலும் சில பிஸ்கட்டுகள் விரிசலோடு போய்ச் சேர்வதுண்டு. அந்தப் பழி தபால்காரர் மேல் விழுகிறது. ஆனால் ஓவனிலிருந்து எடுக்கும்போது பிஸ்கட்டின் ஓரம் காய்ந்தும் நடு ஈரமாகவும் இருக்கும். பிறகு ஈரம் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர, ஓரம் விரிகிறது, நடு சுருங்குகிறது. அந்த இழுபறியில் சில மணி நேரம் கழித்துத் தானாகவே கீறல் விடும். குறைந்த வெப்பத்தில் நெடுநேரம் சுடுவதும் மின்விசிறிக் காற்று படாமல் ஆறவிடுவதும் இதைத் தடுக்கும். முழுக்க ஆறாமல் டின்னில் அடைத்தால் ஆவி மூடியில் வேர்த்துத் திரும்பச் சொட்டும்.

இரண்டிரண்டாக முதுகோடு முதுகு சேர்த்துப் பிளாஸ்டிக் தாளில் இறுகச் சுற்றி, காசு அடுக்குவதுபோல் செங்குத்தாக டின்னில் நிறுத்துங்கள். பிஸ்கட் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. படுக்க வைத்தால் மேலே விழும் எடை வளைக்கும். சந்துகளில் கசக்கிய தாளைத் திணித்து, குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. டின்னைச் சுற்றி அட்டைப்பெட்டிக்குள் 5 செ.மீ. மெத்தை இருக்கட்டும்.

மெத்தென்ற கேக்கையும் மொறு பிஸ்கட்டையும் ஒரே டின்னில் போடாதீர்கள். ஈரம் இடம் மாறி இரண்டும் பாழ். ஈரம் காக்க ரொட்டித் துண்டு வைக்கும் வழக்கம் வீட்டு டப்பாவுக்குச் சரி, மூன்று வாரப் பயணத்தில் அந்த ரொட்டியே பூஞ்சணம் பூக்கும். சாக்லேட் 34 டிகிரியில் உருகும், கோடையில் வேண்டாம். கொட்டைகளின் எண்ணெய் வெப்பத்தில் சீக்கிரம் காறும். சோப்பு, புதினா மிட்டாயின் வாசனையை வெண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும். தனிப் பெட்டியில் அனுப்புங்கள். மத்திய கிழக்கு ராணுவ முகவரிகள் பலவற்றுக்குப் பன்றி இறைச்சிப் பொருள்கள் தடை, பன்றிக் கொழுப்பில் சுட்டதும் அதில் அடங்கும்.

அமெரிக்க ராணுவத் தபாலுக்கு உள்நாட்டுக் கட்டணம்தான், ஆனாலும் சுங்கப் படிவம் தேவைப்படும். முகவரியில் ஊர் இருக்குமிடத்தில் ஏ.பி.ஓ. (தரைப்படை, விமானப்படைத் தபால் நிலையம்) அல்லது எஃப்.பி.ஓ. (கடற்படைத் தபால் நிலையம்) என்றும், மாநிலத்துக்குப் பதில் ஏ.இ., ஏ.பி., ஏ.ஏ. என்ற உலகப் பகுதிக் குறியீடுகளில் பொருந்துவதையும் எழுத வேண்டும். வீரர் இருக்கும் நாட்டின் பெயரை எழுதவே கூடாது. எழுதினால் பெட்டி ராணுவத் தபாலை விட்டு அந்த நாட்டின் பொதுத் தபாலுக்குள் போய்விடக்கூடும்.