புரோஸ்டேட் ஆபரேஷனா? 'ஃபுல் பாடி' ஸ்கேனை முதலில் எடுக்காதீர்கள்

பினாங்கில் புரோஸ்டேட் ஆபரேஷனுக்கு நாள் கேட்டு வருகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் ஒரு பெரிய உறை. உள்ளே, சில ஆயிரம் வெள்ளி கட்டி எடுத்த பெட் சிடி, அதாவது கதிரியக்க மருந்தை ஏற்றி உடல் முழுவதையும் எடுக்கும் ஸ்கேன். ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி எடுக்கவில்லை. சிறுநீர் கழித்த பிறகு மூத்திரப்பையில் எவ்வளவு தங்குகிறது என்றும் யாரும் பார்க்கவில்லை. "அப்பாவுக்கு எல்லாம் கிளியர் டாக்டர்" என்பார் கூட வந்த மகன்.

கிளியர் இல்லை, தம்பி. 'ஃபுல் பாடி' பேக்கேஜில் வழக்கமாக ஏற்றுவது எஃப்டிஜி, அதாவது கதிரியக்கம் சேர்த்த சர்க்கரை. புரோஸ்டேட் புற்று பெரும்பாலும் சர்க்கரையை அதிகம் இழுக்காது. போதாக்குறைக்கு அந்த மருந்து சிறுநீரில் இறங்கி படத்தில் மூத்திரப்பையே பளீரென்று ஒளிரும். புரோஸ்டேட் இருப்பது அதன் அடியில். புற்று இருந்தும் படம் சுத்தமாக வரலாம்.

பிஎஸ்எம்ஏ பெட் வேறு ரகம்; புரோஸ்டேட் புற்றணுக்களின் மேல் இருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைத் தேடி ஒட்டும் மருந்தை ஏற்றுவார்கள். பயாப்ஸியில் புற்று உறுதியாகி, ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ 20க்கு மேல் அல்லது புற்றின் வீரியத்தைச் சொல்லும் கிளீசன் மதிப்பெண் 8க்குக் குறையாமல் இருந்தால் கேட்கலாம். 2020இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் பரவலைக் கண்டுபிடிப்பதில் அதன் துல்லியம் 92 விழுக்காடு. சிடி ஸ்கேனும் எலும்பு ஸ்கேனும் சேர்ந்து 65. ஆனால் பிஎஸ்ஏ 10க்குக் கீழ், கிளீசன் 6, கட்டியும் சிறிது என்றால் எலும்பு ஸ்கேன்கூட வேண்டாம். அதில் தேய்ந்த முழங்காலும் முதுகும்கூட ஒளிரும். அதைத் துரத்திக்கொண்டு இன்னும் நாலு டெஸ்ட்.

புற்று இல்லாத வெறும் புரோஸ்டேட் வீக்கத்துக்கு ஆபரேஷன் என்றால் அல்ட்ராசவுண்ட் போதும். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கொள்ளளவு: 5, 4.5, 4 செ.மீ. என்றால் ஏறக்குறைய 47 மில்லி. 80ஐத் தாண்டினால் சுரண்டி எடுக்கும் டியுஆர்பியை விட்டு லேசர் முறையையோ திறந்த அறுவையையோ யோசிப்போம். ஆகவே அந்த எண் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீரை வலிக்கும்வரை அடக்கிவிட்டுப் போனால், கழித்த பிறகு பையில் தங்கும் மீதி உண்மையைவிட அதிகமாகத் தெரியும்; சந்தேகம் இருந்தால் இன்னொரு முறை போய்விட்டு வரச் சொல்லி அளக்கவேண்டும்.

பிஎஸ்ஏ சந்தேகம் தந்தால் எம்ஆர்ஐயைப் பயாப்ஸிக்கு முன்பே எடுங்கள். பயாப்ஸி ஊசி குத்திய ரத்தக்கசிவு படத்தில் கட்டிபோலவே தெரியலாம். முந்திக்கொண்டு பயாப்ஸி செய்துவிட்டால் எம்ஆர்ஐக்கு 6 முதல் 8 வாரம் காத்திருக்கவேண்டும்.

தயவுசெய்து ரிப்போர்ட் தாளை மட்டும் கொண்டுவராதீர்கள், படம் பதிந்த சிடி வட்டும் வேண்டும். பேஸ்மேக்கர், இடுப்பில் வைத்த உலோக மூட்டு, சிறுநீரகக் கோளாறு இருந்தால் எம்ஆர்ஐக்குப் பெயர் கொடுக்கும்போதே சொல்லுங்கள், மேசையில் படுத்த பிறகு அல்ல.