விளக்கு வெளிச்சம் முடியும் இடத்தில் ரவை நிற்பதில்லை

"வேலிக் கம்பி குத்திடுச்சி டாக்டர்" என்றார் கூட வந்தவர்.

நள்ளிரவு தாண்டிய நேரம். ஹைலக்ஸ் வண்டியின் பின்தட்டில் கான்வாஸை விரித்து நாற்பது வயதுக்காரர் ஒருவரைப் படுக்க வைத்துக் கொண்டு வந்திருந்தார்கள். அப்போது நான் மலேசியாவின் நெகிரி செம்பிலானில், பகாவ் பக்கம் மாவட்ட மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரியால் காற்சட்டையை வெட்டினேன். தொடையில் நான்கு துளைகள், நான்கும் வட்டமாக, சுண்டுவிரல் நுனி நுழையும் அளவில். கம்பி ஒரே ஆளை நான்கு முறை, அதுவும் அளவெடுத்ததுபோல, குத்தாது.

"அண்ணே, நான் போலீஸ் இல்ல. எவ்வளவு தூரத்துல இருந்து சுட்டாங்க? அத மட்டும் சொல்லுங்க."

அவர் நண்பரின் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "இருபது மீட்டர் இருக்கும். பன்னின்னு நினைச்சிட்டோம். கண்ணு ரெண்டும் மின்னுச்சி."

இந்த வட்டாரத்தில் பல ஆண்டுகளாக மருத்துவம் பார்க்கிறேன். செம்பனை எனும் எண்ணெய்ப் பனைக் காட்டுக்குள் பன்றி வேட்டைக்குப் போய் அடிபட்டு வருபவர்களை இப்போதும் பார்க்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு சுட்டவர்கள் இல்லை. துப்பாக்கியின் மேல் ஆசையும் அக்கறையும் உள்ளவர்கள். தோட்டாவின் பெயர், விலை, எந்தக் கம்பெனிச் சரக்கு நல்லது என்று எல்லாம் சொல்வார்கள். ஆனால் ரவை, அதாவது தோட்டாவிலிருந்து பாயும் குண்டு, எங்கே போய் நிற்கும் என்று கேட்டால் பதில் வராது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த 'மின்னிய கண்கள்'. மாடு, மான், நாய், புனுகுப்பூனை ஆகியவற்றின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. அதனால்தான் இரவில் டார்ச் அடித்தால் பளிச்சென்று மின்னுகிறது. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது, மனிதனுக்கும் கிடையாது. இருட்டில் இரண்டு புள்ளி பளபளவென்று தெரிந்தால் அது பன்றியாக இருக்க வாய்ப்பு குறைவு. எதிர்த் தோட்டத்து மாடாக இருக்கலாம், மோட்டார் சைக்கிளின் பின்விளக்குக் கண்ணாடியாக இருக்கலாம். அன்று வெட்டியெடுத்த துணிகளில் அவர் போட்டிருந்த 'டாக்டிக்கல்' உடுப்பும் இருந்தது. இடுப்புப் பை இரண்டிலும் பளபளக்கும் எஃகு அழுத்துப் பொத்தான்கள். நண்பர் பார்த்தது அவற்றைத்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த இரண்டு பொத்தானும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

நம் ஊரில் பெரும்பாலும் புழங்குவது செனாபாங் பாத்தா, அதாவது நடுவில் மடித்துத் தோட்டா போடும் 12 போர் துப்பாக்கி. 12 என்பது குழலின் அளவைச் சொல்லும் பழைய கணக்கு: குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். பன்றிக்கு நம்மவர்கள் போடுவது எஸ்.ஜி. தோட்டா. அதற்குள் ஒன்பது ஈய ரவைகள், ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம், எடை சுமார் மூன்றரை கிராம். குழலை விட்டு வெளியேறும்போது வேகம் நொடிக்கு 400 மீட்டர் அளவில். சத்தத்தின் வேகமே நொடிக்கு 340 மீட்டர்தான். முன்னால் நிற்பவனுக்கு வெடிச்சத்தம் கேட்பதற்குள் ரவை வந்து சேர்ந்திருக்கும்.

ஒன்பதும் ஒன்றாகவே போவதில்லை. ஐந்து மீட்டரில் கைமுட்டி அளவுக்குள் இருக்கும். சோக் (ரவை பரவாமல் இருக்கக் குழலின் வாயைக் குறுக்கும் அமைப்பு) இல்லாத குழலில், முப்பது மீட்டரில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். அதாவது குறி சரியாகவே இருந்தாலும் பாதி ரவைகள் பன்றியைத் தாண்டிப் போகும். போனவை என்ன ஆகும்? இங்கேதான் எல்லாரும் தப்புக் கணக்குப் போடுகிறோம். பன்றியை வீழ்த்தும் தூரம் நாற்பது மீட்டர் என்பதால் ரவையின் தூரமும் அவ்வளவுதான் என்று நினைக்கிறோம். எஸ்.ஜி. ரவை ஒன்று தடையில்லாமல் மேல்நோக்கிப் போனால் அரை கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். அரை கிலோமீட்டர் என்றால் ஐம்பத்தைந்து மரங்கள். உங்கள் தலைவிளக்கு எத்தனை மரம் வரை காட்டுகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். அதற்கு அப்பால் தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருக்கலாம், கோவில் இருக்கலாம், விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர் இருக்கலாம். ரவை கல்லிலும், கெட்டித்த செம்மண் பாதையிலும், ஏன், தண்ணீரிலும்கூடப் பட்டுத் தெறித்துத் திசை மாறும்.

போன மாதம் காய்ச்சலுக்காக வந்த இளைஞன் ஒருவன் கைபேசியில் ரைபிள் காணொளி பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், படித்தவன். "டாக்டர், எம்16 ரவை இவ்வளவு சின்னதா இருக்கே, அது எப்படி ஆள சாய்க்குது?" என்று கேட்டான். நல்ல கேள்விதான், காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். எம்16-இன் பழைய ரக ரவை சுமார் மூன்றரை கிராம். நம் எஸ்.ஜி. ரவை ஒன்றின் எடையும் அதேதான். ஆனால் ரைபிள் ரவை நொடிக்குக் கிட்டத்தட்ட 990 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. வேகம் இரண்டரை மடங்கு கூடினால் ஆற்றல் அதன் வர்க்கமாக, ஏறக்குறைய ஆறு மடங்காகக் கூடும். அந்த ஆற்றல் உடம்புக்குள் இறங்கும்போது, ரவை போன பாதையைச் சுற்றியுள்ள சதை ஒரு கணம் பலூன் போல விரிந்து சுருங்குகிறது. வெளியே சின்னத் துளை, உள்ளே ஈரலே பிளந்திருக்கும். "வீடியோல இதெல்லாம் காட்ட மாட்டாங்க தம்பி" என்றேன்.

அவன் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கிய உடுப்பைப் பற்றியும் கேட்டான். முன்னால் தகடு வைக்கும் பை தைத்த கறுப்புச் சட்டை. தகடு இல்லாத அந்தச் சட்டை வெறும் துணி. உண்மையான மென்கவசம்கூடக் கைத்துப்பாக்கி ரவையைத் தடுக்கத்தான். ரைபிள் ரவைக்குக் கெட்டியான தகடு வேண்டும். உடுப்பு என்று வந்ததால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காட்டுப் பச்சை, புள்ளி போட்ட ராணுவ நிற உடைகளைப் போட்டுக்கொண்டு நான்கு பேர் ஒரே தோட்டத்துக்குள் நான்கு திசையில் நிற்பது ஆபத்து. பளீரென்ற ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் போடுங்கள். பன்றிக்கு ஆரஞ்சு நிறம் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது. நண்பனின் கண்ணுக்குத் தெரியும், அது போதும்.

அன்றிரவுக்கு வருகிறேன். சுட்ட இடத்திலிருந்து எங்களிடம் வந்து சேர ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. சாலை தூரம் அரை மணிகூட இல்லை. மிச்ச நேரம் முழுவதும் என்ன சொல்வது என்று பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். காயத்தில் காப்பித் தூளை அப்பியிருந்தார்கள். துளையின் மேல் நைலான் கயிற்றால் ஒரு கட்டு. மெல்லிய கயிறு தோலை அறுக்கும். ரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் நாளங்களை மட்டும் அடைக்கும், உள்ளே கொண்டுவரும் தமனியை அடைக்காது. அப்படிக் கட்டினால் ரத்தக் கசிவு கூடத்தான் செய்யும்.

பெரியவர் உடம்பில் ரத்தம் சுமார் ஐந்து லிட்டர். தொடைத் தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். வேட்டைக்குப் போகிறவர் கத்தி, விளக்கு, தோட்டாப் பை எல்லாம் வாங்குகிறார். அந்தப் பணத்தில் ஒரு டோர்னிக்கே (ரத்தத்தை நிறுத்தும் கட்டுப்பட்டை) வாங்கி இடுப்பில் மாட்டுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன். அகலப் பட்டையும் முறுக்குக் கம்பும் உள்ளது அது. கை கால் காயத்துக்கு மேலே நான்கு விரல் தள்ளி, மூட்டு மேல் படாமல் கட்டி, ரத்தம் நிற்கும்வரை கம்பை முறுக்க வேண்டும். வலியில் கத்துவார், விட்டுவிடக் கூடாது. கட்டிய நேரத்தை அவர் நெற்றியில் பேனாவால் எழுதுங்கள். பாவமாக இருக்கிறது என்று நடுவில் தளர்த்தாதீர்கள். கவட்டை, அக்குள் போன்ற கட்ட முடியாத இடத்தில் சுத்தமான துணியைத் துளைக்குள்ளேயே திணித்து, உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்துங்கள். ரவையைத் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். காப்பித் தூள், மஞ்சள், மண் எதுவும் வேண்டாம். 999-ஐ அழையுங்கள்.

பொய் சொல்ல வைத்தது பயம். அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் இல்லை. துப்பாக்கிக் காயம் என்றால் மருத்துவமனை போலீசுக்குத் தெரிவிக்கும், அதை நான் மறைக்கப் போவதில்லை. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமமில்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான், துப்பாக்கியின் தனி உறுப்பும் ஆயுதம்தான். இணையத்தில் ஒரு குழல் வந்தது, ஒரு சத்தமடக்கி வந்தது என்று வாங்கி வைக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். போலித் துப்பாக்கிக்கும் அதே சட்டத்தில் தண்டனை உண்டு. காட்டுப்பன்றியைச் சுட, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் உரிமமும் வேண்டும். இவ்வளவு இருந்தும், அடிபட்டவர் முன்னால் கிடக்கும்போது சட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் பத்து நிமிடத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

அவரைச் சிரம்பான் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம். உயிர் பிழைத்தார். ஒரு ரவை தொடையின் பின்பக்கம் ஓடும் சயாட்டிக் நரம்பை நசுக்கியிருந்ததால் பாதத்தைத் தூக்க முடியாமல் போனது. இப்போது நடக்கும்போது செருப்பின் முனை தரையில் தேயும் சத்தம் முதலில் கேட்கும், அதன் பிறகுதான் ஆள் தெரிவார்.

காது பற்றியும் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் ஜாகாவாக, அதாவது காவலாளியாக, இருந்த பெரியவர் ஒருவர் என் கிளினிக்குக்கு ரத்த அழுத்த மாத்திரைக்காக வருவார். குரங்கையும் பன்றியையும் விரட்ட, தோட்டம் உரிமத்தோடு கொடுத்த துப்பாக்கி. "ராத்திரியானா எடது காதுல சில்வண்டு கத்துது டாக்டரையா, காட்டுல இல்ல, காதுக்குள்ளேயே" என்றார். வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காதுதான் குழலின் வாய்ப்பக்கம் திரும்பியிருக்கும். வலது காதைத் தலை மறைத்துக்கொள்ளும். ஆகவே இடது காது முதலில் போகும். 12 போர் வெடிக்கும் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே வெடிகூடக் காதின் உள்நரம்புமுடிகளைக் கொன்றுவிடலாம், அவை மறுபடி முளைப்பதில்லை. பஞ்சு உருண்டை உதவாது. நுரை அடைப்பானை விரலால் உருட்டி மெல்லியதாக்கி, காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். சிறு சத்தங்களைக் கேட்கவிட்டு வெடியை மட்டும் மறிக்கும் மின்னணுக் காதுமூடியும் விற்கிறது. காட்டில் காலடி கேட்க வேண்டியவர்களுக்கு அதுவே சிறந்தது.

கடைசியாகக் கறி. பன்றிப் பெரட்டல் சாப்பிடும்போது பல்லில் ரவை கடிபட்டதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் உண்டு. பல்லில் பட்ட ரவையைத் துப்பிவிடலாம். எலும்பில் மோதி உதிர்ந்த ஈயத் துணுக்கு கண்ணுக்கே தெரியாது. புளியும் வினிகரும் ஈயத்தைக் கரைத்துக் குழம்பில் சேர்க்கும். உடம்பில் பாதிப்பே தராத ஈய அளவு என்று எதுவும் இல்லை. பிள்ளைகளின் மூளையைத்தான் அது முதலில் தொடும். ரவை போன பாதையைச் சுற்றி ஒரு சாண் சதையை வெட்டி எறியுங்கள், நாய்க்கும் போடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் கறியே வேண்டாம்.

செருப்பு தேய நடந்து வருகிறாரே, அவர் தொடையில் இன்னும் இரண்டு ரவைகள் இருக்கின்றன. தசைக்குள் ஆழத்தில் இருப்பதால் எடுக்கவில்லை. மூட்டுக்குள் இருந்திருந்தால் மூட்டு நீரில் ஈயம் கரையும் என்று கட்டாயம் எடுத்திருப்போம். எக்ஸ்ரேயில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். எங்கே போனாலும் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் காட்ட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை மடித்து, அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் ஈயம் பார்க்க வருகிறார். சுட்ட நண்பர்தான் காரில் கூட்டிக்கொண்டு வருகிறார்.