சாகாத செடி கேட்பவர்களுக்கு

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் வீட்டு முற்றங்களில் சின்னக் குளம் அமைத்துத் தருவது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, சாகாத செடியாக் கொடுங்க."

'ஹார்டி' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஆன்லைனில் அல்லி வாங்கி வருபவர்களும் உண்டு. அது பனி உறையும் நாட்டுக் கணக்கு. குளத்தின் மேலே ஐஸ் கட்டினாலும் அடிக்கிழங்கு பிழைக்கும் என்று அர்த்தம். அந்த அல்லி இங்கேயும் பூக்கும், சரி. ஆனால் நம் கவலை வேறு. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இலையைப் புரட்டிப் போடும். சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும், தண்ணீர் மளமளவென்று இறங்கும். இதைத் தாங்குகிற செடிதான் நமக்கு உறுதியான செடி.

அதனால் நான் முதலில் சொல்வது நம் குட்டைகளில் தானாக வளரும் ஆம்பலும் நீலோற்பலமும்தான். குட்டை வற்றினாலும் கிழங்கு சேற்றுக்குள் உறங்கிக் கிடந்து, மழை விழுந்ததும் துளிர்க்கும். ஆம்பல் இரவில் விரியும், நீலோற்பலம் பகலில். இரண்டுக்கும் தினம் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். அடியில் ஓட்டை இல்லாத அகலமான பேசினில் வயல் களிமண் நிரப்பி நட்டு, மேலே ஒரு விரல் கனத்துக்கு மணல் போடுங்கள். தென்னை நார்த்தூள் கலந்த மண் வேண்டாம், மிதந்துவிடும். பச்சைச் சாணியும் வேண்டாம், பாசி பிடிக்கும். கரையோரத்துக்கு வசம்பும் நீர்ப்பிரமியும் போதும். சம்பங்கோரையைத் தார்ப்பாய் விரித்த குளத்தில் வைக்காதீர்கள். அதன் கூரான கிழங்கு தார்ப்பாயைத் துளைத்துவிடும்.

கொசுவுக்கு நாலு மானத்துக்கண்ணி மீன் விடுங்கள்.

உண்மையிலேயே சாகாத செடிகளும் இருக்கின்றன. ஆகாயத்தாமரை, ஆப்பிரிக்கன் பாயல், இளஞ்சிவப்பாகப் பூக்கும் முள்ளன் பாயல். (பாயல் என்றால் மலையாளத்தில் பாசி.) மூன்றுக்கும் பூர்வீகம் தென்னமெரிக்கா. ஆகாயத்தாமரை இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும், விதை சேற்றில் வருஷக்கணக்காக உயிரோடு கிடக்கும். பாயலுக்கு ஒடிந்த துண்டு ஒன்று போதும். ஆப்பிரிக்கன் பாயலை அடக்க 1980களில் கேரளத்தில் அதைத் தின்னும் ஒரு சிறு வண்டையே கொண்டுவந்து விட வேண்டியிருந்தது.

தொழிலின் தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு நானே இரண்டு ஆகாயத்தாமரை கொடுத்தேன். ஊதாப் பூ அவர்களுக்குப் பிடித்திருந்தது. குளம் நிரம்பியதும் அள்ளி வாய்க்காலில் வீசிவிட்டார்கள். மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து வரும் ஆழியாற்றுத் தண்ணீர் அதை நேரே கீழ்வயலில் கொண்டு சேர்த்தது. அந்த வயல்காரர் நடவுக்கு முன் கூலி கொடுத்து ஆள் விட்டு வாரினார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு நான் அந்தச் செடியை விற்பதில்லை.

உங்கள் குளத்தில் ஏற்கெனவே இருந்தால் பூப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். மொட்டைமாடிச் சிமென்டுத் தரையில் பரப்பி, கையில் எடுத்தால் நொறுங்கும் வரை காயவிட்டு, அப்புறம் தென்னைக்கு மூடாக்காகப் போடுங்கள். குளம் கழுவும் தண்ணீரையும் வாய்க்காலில் விடாமல் தென்னம்பாத்தியிலேயே ஊற்றுங்கள்.