ஷாங்காய்க்கு விசாவே வேண்டாமாமே!

விசா விண்ணப்பங்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. அதனாலேயே, 1938-இல் வியன்னாவில் நாஜிகளிடமிருந்து தப்ப யூதர்களுக்கு ஷாங்காய் விசா கொடுத்த சீனத் தூதரக அதிகாரி ஹோ ஃபெங்ஷான் பற்றி வாட்ஸ்அப்பில் எது சுற்றினாலும் நண்பர்கள் எனக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த வாரம் வந்தது இது: "ஷாங்காய்க்குள் நுழைய அந்தக் காலத்தில் விசாவே தேவையில்லை. தேவையில்லாத விசாவைக் கொடுத்தவருக்கு எதற்கு இத்தனை புகழ்?" எழுதியவர் பெரிய குட்டை உடைத்துவிட்ட களிப்பில் ஆச்சரியக்குறிகளை வேறு அள்ளிப் போட்டிருக்கிறார். இதே கேள்வியை எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதல் பாதி சரிதான். 1937 கடைசியில் ஷாங்காயின் சீனப் பகுதிகள் ஜப்பானியப் படையிடம் போனபின் துறைமுகத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்க ஆளில்லை. கப்பலைவிட்டு இறங்கி நேராக ஊருக்குள் நடக்கலாம்.

சரி, ஆனால் கப்பலில் ஏறுவது எப்படி? அதை யாரும் கேட்பதில்லை. 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியபின், வியன்னா யூதர்களை விரட்டியவர்களே அவர்களிடம் "எங்கே போகிறாய், காகிதத்தைக் காட்டு" என்றும் கேட்டார்கள். ஏதோ ஒரு நாட்டின் முத்திரை கையில் இருந்தால்தான் வெளியேறும் வேலை நகரும். கப்பல் டிக்கெட் வாங்கலாம், வழியில் இத்தாலியிடம் கடந்துபோக அனுமதி கேட்கலாம். டாக்காவ் வதைமுகாமில் அடைபட்டவரைக்கூட, 'இவர் நாட்டைவிட்டுப் போகப் போகிறார்' என்பதற்கு அத்தாட்சி காட்டி மீட்டிருக்கிறார்கள். ஷாங்காயில் யாரும் கேட்காத அந்த முத்திரையை வியன்னாவில் எல்லோரும் கேட்டார்கள். அதை வாங்கிய பலர் ஷாங்காய்ப் பக்கமே போகாமல் வேறு நாடுகளில் கரையேறியதும் உண்டு.

இந்தக் குழப்பம் 1938-ஓடு முடிந்துபோனதும் இல்லை. விசா என்றால் போகிற ஊர்க் கதவுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு இன்றும் என் மேசைக்கு வருகிறார்கள். புறப்படும் இடத்தில் கவுண்டரில் இருப்பவர், விமான நிறுவனம், இடையில் இறங்கும் நாடு என்று வழியெல்லாம் அதைப் பார்ப்பார்கள். இங்கேயே பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக, அந்த நாட்டு விசா இருந்தாலும் நம் அரசின் குடிபெயர்வு அனுமதி இல்லாமல் கிளம்ப முடியாது. விமான நிலையத்தில் நின்று அழுதுகொண்டே போன் செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஹோ 1901-இல் ஹூனான் மாகாணத்தில் பிறந்தவர். ஏழு வயதில் அப்பா போய்விட்டார், நார்வே மிஷனரிகள் படிக்க வைத்தார்கள். மியூனிக்கில் முனைவர் பட்டம், 1935-இல் வெளியுறவுப் பணி, முதலில் துருக்கி, 1937-இல் வியன்னா. ஆஸ்திரியா தனி நாடாக இல்லாமல் போனதும் அங்கிருந்த சீனத் தூதரகம் துணைத் தூதரகமாகச் சுருங்கியது, அதற்கு இவர் தலைவர். 1938 ஜூலையில் பிரான்சின் எவியானில் 32 நாடுகள் கூடி அகதிகளுக்காக வருத்தப்பட்டன. கிட்டத்தட்ட ஒன்றுகூடக் கதவைத் திறக்கவில்லை. அதே மாதம், ஐம்பது தூதரகங்களில் ஏறி இறங்கிக் கைவிரிக்கப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவன் சீனத் துணைத் தூதரகத்துக்கு வந்தான். குடும்பத்துக்கும் உறவுக்கும் சேர்த்து 20 விசாக்களோடு திரும்பினான். நவம்பரில் யூதர்கள்மீது நாஜிகள் நடத்திய கலவரத்தில் அவனையும் அவன் அப்பாவையும் பிடித்துக்கொண்டு போனபோது சில நாளில் வெளியே கொண்டுவந்தது அந்தக் காகிதம்தான்.

பெர்லினில் இருந்த மேலதிகாரி, தூதர் சென் ஜியே, விசாவை நிறுத்தச் சொன்னார். ஜெர்மனியோடு உறவு கெடக் கூடாதே என்ற கவலை. ஹோ கேட்கவில்லை. 'விசாவை விற்கிறார்' என்ற புகாரின்பேரில் விசாரிக்க ஆள் வந்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் 1939-இல் பணிக்குறிப்பில் கரும்புள்ளி விழுந்தது. அலுவலகக் கட்டடம் யூதருக்குச் சொந்தம் என்று நாஜிகள் பறித்துக்கொண்டார்கள். புது இடத்துக்கு அரசு பணம் தர மறுத்ததால், சின்ன இடமாகப் பார்த்துச் சொந்தக் காசில் வாடகை கட்டி முத்திரை குத்தினார் மனிதர். அப்புறம் எகிப்து, மெக்சிகோ, பொலிவியா, கொலம்பியா என்று தூதராகச் சுற்றி 1973-இல் ஓய்வு பெற்றார். சிறு தொகை ஒன்றுக்குக் கணக்கில்லை என்று சொல்லி ஓய்வூதியத்தை மறுத்துவிட்டார்கள். 1997-இல் சான் பிரான்சிஸ்கோவில் இறந்தார். இஸ்ரேல் கௌரவித்தது 2000-இல்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்களே, தயவுசெய்து அவர் படத்துக்குப் பக்கத்தில் ஐந்து நட்சத்திரச் செங்கொடியை ஒட்டாதீர்கள். அது 1949-இல் வந்த கொடி. இவர் வேலை பார்த்தது சீனக் குடியரசுக்கு, 1949-க்குப் பிறகும் தைவான் பக்கம்தான் நின்றார். ஷாங்காய்க்கு வந்து சேர்ந்த 18,000 சொச்சம் அகதிகளையும் இவர் கணக்கில் எழுதுவதையும் விடுங்கள். வேறு ஊர்களிலிருந்து வந்தவர்களும், விசாவே இல்லாமல் வந்தவர்களும் அதில் அடக்கம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. 'நல்ல மனசுள்ள அதிகாரி விதியை வளைப்பார், ஹோ வளைக்கவில்லையா?' என்று கேட்டுவிட்டு, தூதரகத்தில் தங்களுக்கு ஆள் இருப்பதாகச் சொல்லும் ஏஜென்ட்டிடம் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறது. ஹோ கள்ள முத்திரை குத்தியவர் இல்லை. விசா தருவது அவர் பதவிக்கு உரிய அதிகாரம், தாராளமாகக் கொடுங்கள் என்பதுதான் தன் அமைச்சகத்தின் உத்தரவு என்று சென் ஜியேயிடமே சொன்னார். அந்த ஏஜென்ட்டின் 'ஆள்' அப்படிப்பட்டவர் என்றால் உங்களிடம் ஏன் காசு கேட்கிறார்? ரசீது தராதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

கடைசியாக, கெஞ்சியே கேட்கிறேன். ஹோ மொத்தம் எத்தனை விசா கொடுத்தார் என்று சொல்லும் பதிவேடு கிடைக்கவில்லை. 1938 ஜூனில் 200-ஐ ஒட்டி நின்ற விசா வரிசை எண், அக்டோபர் கடைசியில் 1906 ஆகியிருந்தது என்பதுவரை தெரிவதற்குக் காரணம், பிழைத்த குடும்பங்கள் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாததுதான். உங்கள் வீட்டில் காலாவதியான பாஸ்போர்ட் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கங்களையும் சேர்த்து, ஸ்கேன் செய்து வையுங்கள். அடுத்த விசாவுக்குப் பயணக் குறிப்பு கேட்கும்போது நான் முதலில் கேட்பது அதைத்தான்.